மீட்டர் சிமிட்டுவதை முதலில் எண்ணுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

மின்சாரச் செலவைக் குறைப்பது பற்றி நாளிதழில் எது வந்தாலும் விடாமல் படிப்பவன் நான். பெரும்பாலும் புது ஃபிரிட்ஜ், புது ஏசி, மாடியில் சோலார் என்றுதான் அவை போய் முடிகின்றன. 30 வருடமாக வீடுகளுக்கு வயரிங் வேலை செய்கிறேன். எதையும் வாங்கும் முன் மீட்டருக்கு எதிரே ஐந்து நிமிடம் நிற்க வேண்டும் என்பதை யாராவது எழுத மாட்டார்களா என்று பார்த்துப் பார்த்து, கடைசியில் நானே எழுதுகிறேன்.

டிஜிட்டல் மீட்டரில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியும். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை தடவை சிமிட்டும் என்பது மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். சிலவற்றில் 1600, சிலவற்றில் 3200.

போன மாதம் ஒரு வயதான அம்மா கூப்பிட்டிருந்தார். வீட்டில் இருவர்தான், ஆனாலும் கணக்கு ஏறிக்கொண்டே போகிறது என்பது அவர் கவலை. ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் அணைக்கச் சொன்னேன். "எல்லாம் அணைச்சாச்சு தம்பி" என்றார். மீட்டரோ 45 விநாடிக்கு ஒரு தடவை சிமிட்டிக்கொண்டிருந்தது. அப்படியானால் மணிக்கு 80 சிமிட்டல். ஒரு யூனிட் என்பது 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடுவது. அவர்கள் மீட்டரில் 3200 சிமிட்டலுக்கு ஒரு யூனிட் என்பதால், 80 சிமிட்டலுக்கு அது 25 வாட். இரவும் பகலும் ஓடினால் மாதத்துக்கு 18 யூனிட், யாருக்கும் பயனில்லாமல்.

டிவிக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தேன். செட்டாப் பாக்ஸ் இளஞ்சூடாக இருந்தது. பக்கத்தில் பழைய ஆம்ப்ளிஃபயர், அதுவும் சூடு. ரிமோட்டில் அணைத்ததை அவர் அணைத்ததாகவே நினைத்திருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. சுவிட்ச் அலமாரிக்குப் பின்னால் இருந்தது, அவர் கைக்கு எட்டவே எட்டாது. அந்த இரண்டு இணைப்பையும் ஒரே சுவிட்சுக்குக் கொண்டுவந்து, கதவுக்குப் பக்கத்தில் அவர் தோள் உயரத்தில் வைத்துக் கொடுத்தேன். அதை அணைத்துவிட்டு மறுபடி மீட்டரைப் பார்த்தோம். ஐந்து நிமிடம் நின்றும் ஒரு சிமிட்டல்கூட இல்லை. அந்த அம்மா முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

பல்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தந்துவிடுகிறது, பெரும்பாலானவர்கள் மாற்றியும் விட்டார்கள். இன்னும் மாறாமல் இருப்பது ஃபேன். அயர்ன் பாக்ஸைக் கண்டு பயப்படுகிறவர்கள் ஃபேனைக் கண்டுகொள்வதே இல்லை. 1000 வாட் அயர்ன் பாக்ஸ் கால் மணி நேரத்தில் எடுப்பது கால் யூனிட். 75 வாட் ஃபேன் மூன்றே கால் மணி நேரம் சுற்றினால் கிட்டத்தட்ட அதே அளவு எடுத்துவிடும். ஃபேனோ நாளில் பாதிக்கு மேல் சுற்றுகிறது. பிஎல்டிசி என்று வரும் ஃபேன்களில் சுழலும் பகுதியில் நிலைக்காந்தம் இருக்கிறது. அதனால் மோட்டாருக்குள் வெப்பமாக வீணாவது குறைந்து, ஏறக்குறைய 30 வாட்டிலேயே அதே காற்று வருகிறது. தினம் 15 மணி நேரம் ஓடும் ஒரு ஃபேனை மாற்றினாலே மாதம் 20 யூனிட் மிச்சம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் தயங்க வேண்டாம், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இந்த ஃபேனைப் பழைய ரெகுலேட்டர் வழியாக இணைக்கக் கூடாது, உள்ளே இருக்கும் சர்க்யூட் போய்விடும். ரெகுலேட்டரை விலக்கி நேராக இணைக்கச் சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் மாட்டிவிட்டுப் போகிறவர்கள் எங்கள் தொழிலிலேயே இருக்கிறார்கள், எனக்கு அது மிகுந்த வருத்தம்.

அப்புறம் ஃபிரிட்ஜ் கதவு. என் வீட்டிலேயே நடந்தது இது. ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பார்க்கச் சொன்னேன் மகளிடம். மூன்று பக்கமும் பிடித்தது. கீழ் மூலையில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது. அங்கே ரப்பர் கேஸ்கட் மடிந்து, மடிப்புக்குள் அழுக்கு ஏறியிருந்தது. சோப்புத் தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் முடி உலர்த்தும் கருவியால் லேசாகச் சூடுகாட்டி நேராக்கி, கதவைச் சாத்தி வைத்தாள். மறுநாள் அந்த மூலையும் தாளைப் பிடித்துக்கொண்டது. வெளிக்காற்று உள்ளே போகாவிட்டால் கம்பிரசர் அடிக்கடி ஓட வேண்டியதில்லை. ரப்பர் வெடித்திருந்தால் மட்டும் புதிது மாற்ற வேண்டும். ஏசி வைத்திருப்பவர்கள் அதன் ஃபில்டரைக் கழுவி, கதவுக்குக் கீழே உள்ள இடைவெளியை ஒரு பட்டையால் அடைத்தாலே வித்தியாசம் தெரியும்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். மீட்டர் சிமிட்டலை வைத்து வாட் கண்டுபிடிக்கும் முறையை ஒரு நாள் படத்தோடு, கட்டம் கட்டி வெளியிடுங்கள். மீட்டரின் சீலைத் தொட வேண்டாம், வெளியே நின்று பார்த்தாலே போதும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். அதை வெட்டி எடுத்து, நான் வேலைக்குப் போகும் ஒவ்வொரு வீட்டிலும் மீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
வயரிங் தொழிலாளி ஒருவர்