பம்பின் அடித்துளையை அடைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். யாழ்ப்பாணத்தில் இன்னும் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களை வைத்து ஓடுபவர்களுக்கும் அவற்றைத் திருத்திக் கொடுக்கும் தம்பிமாருக்கும் அவற்றின் வோட்டர் பம்ப் பற்றி ஒரு விடயம் சொல்ல வேண்டியிருக்கிறது. தங்கள் பத்திரிகையில் இடம் தாருங்கள்.

என்னுடையது 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர், 948 சீசீ. ஐயா வாடகைக்கு ஓடிய கார். தொண்ணூறுகளில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது, காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடியே எத்தனையோ நோயாளரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதை நான் இரும்புக்கு விற்கப் போவதில்லை.

கடந்த தையில், எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீரைச் சுற்றவிடும் அந்த வோட்டர் பம்பின் கீழ்ப்பக்கத்தால் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. இரவு நிறுத்தினால் விடியத் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். கராஜ் ஒன்றில் காட்டினேன். பம்பின் அடியில் இருந்த சின்னத் துளையைப் பார்த்துவிட்டு, "இதாலதான் ஒழுகுது அண்ணை" என்று இரண்டு களிம்பைக் குழைத்து அதை இறுக்க அடைத்துவிட்டார்கள். ஒழுக்கு நின்றது. நானும் சந்தோசமாகக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் கிழமை, கோப்பாய்ப் பக்கம் போகும்போது முன்பக்கத்தில் திரிகையில் உழுந்து உடைப்பது போல ஒரு சத்தம். எஞ்சினை நிற்பாட்டி, பொனற்றைத் திறந்து, விசிறியைக் கையால் பிடித்து அசைத்தேன். விழப்போகும் பாற்பல்லுப் போல ஆடியது. இன்னும் கொஞ்சத் தூரம் ஓடியிருந்தால் விசிறி ரேடியேற்றரைக் கிழித்திருக்கும்.

அந்தத் துளை பழுதல்ல. காரைச் செய்தவர்கள் தெரிந்தே விட்டது. பம்பின் அச்சில் ஒரு முனையில் தண்ணீரைத் தள்ளும் சில்லு, மறுமுனையில் விசிறி, நடுவில் அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பெயாரிங். தண்ணீர் பெயாரிங் பக்கம் வராமல் இடையில் ஒரு சீல் மறித்து நிற்கிறது. சீல் தேய்ந்தால் கசிகிற தண்ணீர் பெயாரிங்குக்குள் போகாமல் வெளியே விழவேண்டும். அதற்குத்தான் துளை. அதை அடைத்தால் தண்ணீர் கிரீசைக் கழுவிக்கொண்டு உள்ளே போகும். என் பம்பைக் கழற்றியபோது பெயாரிங் குண்டுகளைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் சேறு.

புதுப் பம்ப் வாங்கச் சொன்னார்கள். வாங்காமல், சுன்னாகத்தில் லேத் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். வார்ப்பைத் தட்டிப் பார்த்து, "உடம்பு நல்ல உடம்பு, எறியாதை" என்றார். அச்சைத் தள்ளி எடுத்து, சீல் உட்காரும் முகத்தை லேத்தில் பிடித்து மெல்லிசாகச் சீவினார். பெயாரிங் இங்கேயே கிடைத்தது. சீல் மட்டும் கொழும்பிலிருந்து வந்தது. பிறகு பேனாக்கத்தியால் பம்பின் உட்புறத்தைச் சுரண்டி என் கையில் கொட்டினார். வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு. "கிணத்துத் தண்ணியெல்லோ விடுறாய்?" என்று கேட்டார்.

உண்மைதான். ஐயா காலத்திலிருந்து கிணற்றுத் தண்ணீர்தான். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். குளிக்க வைக்கும் கேத்தில் அடியில் படிவது ரேடியேற்றருக்குள்ளும் படியும், சீலின் முகத்தையும் அராவும். இந்த ஊரில் தண்ணீர் உறையாதே, ரேடியேற்றர் தண்ணீரோடு கலக்கும் கூலன்ட் எதற்கு என்று நானும் கேட்டவன்தான். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை. துருப்பிடிக்காமல் காப்பது மற்றது. இப்போது மாரியில் பீலியால் விழும் மழைத்தண்ணீரைக் கலனில் பிடித்து வைத்து, கூலன்ட் கலந்து விடுகிறேன்.

பம்பைக் கழற்றுபவர்களுக்கு இன்னும் ஒன்று. பம்புக்கும் எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டுக்கும் இடையில் கட்டைவிரல் அளவில் ஒரு றப்பர் குழாய் இருக்கிறது. நல்லதாகத் தெரிந்தாலும் அன்றைக்கே அதையும் மாற்றிவிடுங்கள். பம்பைப் பூட்டிய பிறகு அது வெடித்தால் மாற்றப் பெரும்பாடு. விசிறியைச் சுற்றும் பெல்ட்டையும் வீணைத் தந்தி போல முறுக்க வேண்டாம். நடுவில் அமத்தினால் அரை இஞ்சி தாழ வேண்டும். மேலே கிரீஸ் திருகாணி உள்ள பழைய பம்ப் என்றால், கிரீசை அழுத்தி ஏற்றாமல் கொஞ்சமாக வையுங்கள். கூடினால் அது சீலுக்குள் போய்விடும்.

துளையை அடைத்த பிள்ளைகளில் எனக்குக் கோபமில்லை. அவர்கள் தொழில் பழகியது யப்பான் வாகனங்களில். இந்தப் பம்பை அறுத்துக் காட்ட அவர்களுக்கு ஆள் இருக்கவில்லை. துருப்பிடித்த அந்தப் பெயாரிங்கையும் அச்சையும் தேய்ந்த சீலையும் கழுவாமல் அப்படியே ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் வைத்திருக்கிறேன். மோட்டார் தொழில் படிப்பிக்கும் நிலையம் எதுவும் மாணவர்களுக்குக் காட்ட விரும்பினால், நானே காரில் கொண்டுவந்து தருவேன்.

இங்ஙனம்,
மொறிஸ் மைனர் உரிமையாளர்,
உரும்பிராய்.