கேள்விக்குறியாய் வந்த வள்ளங்கள்: இணையச் சேவைப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய காப்புறுதி நிறுவனப் பொறுப்பாளர்களுக்கு,

உங்கள் காப்புறுதிப் பத்திரங்களை மாலைதோறும் இணையச் சேவை வழியாக இறக்கி முகவர்களின் கடைகளுக்குக் கொடுக்கும் நிரலை எழுதியவன் நான். திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். தமிழில் உள்ள கோப்புப் பெயர்கள் உங்களிடமிருந்து கேள்விக்குறிகளாக வருகின்றன, அதனால் பத்திரங்கள் தொலைகின்றன. விஷயம் உங்களுக்குப் புதிதல்ல. மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன், மூன்றுக்கும் "எங்கள் பக்கத்தில் பிழையில்லை" என்றே பதில் வந்தது.

போன கிழமை குச்சவெளியிலிருந்து ஒரு ஐயா காலை பஸ்ஸில் வந்தார். வள்ளம் கல்லில் மோதி உடைந்திருந்தது. இழப்பீடு கேட்கப் பத்திரம் வேண்டும். கடைத் தம்பி அச்சடித்துக் கொடுத்த தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "தம்பி, இது என்ட வள்ளம் இல்லை. இஞ்சின் நம்பரும் வேற" என்றார். அவருடைய பத்திரம் எங்கள் கணினியில் எங்குமே இல்லை. தாளை மடித்துத் திருப்பித் தந்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போனார். ஏசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிரவு உங்கள் சேவை என் நிரலுக்கு அனுப்பிய பதிலை வந்தபடியே சேமித்துப் பிரித்துப் பார்த்தேன். முதல் பகுதி எக்ஸ்எம்எல் (தகவலைக் குறிச்சொற்களோடு எழுதும் உரை), அதன் பின்னால் ஒவ்வொரு பகுதியாகப் பீடிஎஃப் இணைப்புகள். எல்லாம் ஒழுங்கு, கோப்பின் பெயரைத் தவிர. நீங்கள் வாடிக்கையாளரின் பெயரைத் தமிழிலேயே கோப்புக்கு வைக்கிறீர்கள், நல்லது. ஆனால் அதை, இணைப்பின் விவரம் சொல்லும் தலைப்பு வரியில், மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான ஐஎஸ்ஓ-8859-1 என்ற குறியீட்டுக்கு மாற்றி அனுப்புகிறீர்கள். அந்தக் குறியீட்டில் தமிழே கிடையாது. ஒவ்வொரு குறியும் ஒரு கேள்விக்குறியாகிவிடுகிறது; கணினிக்கு உகரக் குறியும் புள்ளியும்கூடத் தனிக் குறிகள்தான். ஆக, உங்கள் சேவைக்குப் 'படகு' நான்கு கேள்விக்குறி, 'கடல்' நான்கு கேள்விக்குறி. விண்டோஸ் கோப்புப் பெயரில் கேள்விக்குறியை ஏற்காது என்பதால் என் நிரல் அவற்றைக் கீழ்க்கோடாக்கும். நீளம் ஒத்த இரண்டு பெயர்கள் ஒரே மாலையில் வந்தால் பின்னது முன்னதை அழித்துவிடும். ஐயாவின் பத்திரம் போன வழி அதுதான்.

என் பிழையும் உண்டு. நீங்கள் தந்த பெயரை நம்பினேன். இப்போது ஒவ்வொரு இணைப்பையும் அதன் கன்டென்ட்-ஐடியை, அதாவது இணைப்போடு வரும் தனி அடையாளத்தை, வைத்துச் சேமிக்கிறேன், எதுவும் அழிவதில்லை. ஆனால் முப்பது நாற்பது எழுத்து நீளமான அந்த அடையாளத்தை வைத்துக்கொண்டு கடைத் தம்பி ஆளைத் தேடுவது எப்படி? ஆகவே மீண்டும் கேட்கிறேன்: கோப்பின் பெயரை, தமிழுக்கும் இடமுள்ள யூடிஎஃப்-8 குறியீட்டில் அனுப்புங்கள். பெரிய வேலையல்ல. ஃபைல்நேம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு நட்சத்திரக்குறி, பிறகு குறியீட்டின் பெயர், பிறகு சதவீதக் குறியோடு எண்களாக எழுதிய எழுத்துகள். 1997 இல் வந்த ஆர்எஃப்சி 2231 என்ற இணையத் தர ஆவணத்தில் வழி இருக்கிறது. எங்கள் கடைத் தம்பி அப்போது பிறக்கவேயில்லை.

முன்பு பத்திரங்களை பேஸ்64 ஆக, அதாவது கோப்பை வெறும் எழுத்துகளாக மாற்றி, எக்ஸ்எம்எல்லுக்குள்ளேயே திணித்து அனுப்பினீர்கள். 3 எம்பி கோப்பு 4 எம்பியாகி வரும். பீடிஎஃப் அப்படி வந்தால் முதல் எழுத்துகள் எப்போதும் ஜே, வி, பி என்றுதான் இருக்கும். ஜே.வி.பி. கட்சிப் பிரசாரம் என்று தம்பி சிரிப்பான். இணைப்பாக மாற்றியபோது உண்மையாகவே மகிழ்ந்தேன். ஆனால் அந்தப் பருத்த பேஸ்64 காலத்தில் ஒருவரின் பத்திரமும் தொலைந்ததில்லை.

1987 இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. கேள்விக்குறியை எந்தத் திருத்தமும் மொழியாக்கியதாக நான் அறியேன். படிவத்தில் கட்டம் கட்டமாய், பற்றுச்சீட்டில் கேள்விக்குறியாய், குறுஞ்செய்தியில் பாதி அறுந்து வரும் எங்கள் பெயர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம், அதுதான் கோபம் வருகிறது.

மன்னிக்க வேண்டும், உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். தயவுசெய்து கோப்பின் பெயரை யூடிஎஃப்-8 இல் அனுப்புங்கள். எப்போது முடியும் என்று ஒரு திகதி சொன்னால் போதும், அதுவரை கடைகளுக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். சரியாக அமைத்த மாதிரிப் பதில் ஒன்றை உங்கள் மின்னஞ்சலுக்கு இணைப்பாக அனுப்பியிருக்கிறேன். அதன் பெயரும் தமிழில்தான் இருக்கிறது. உங்கள் பக்கத்தில் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள்.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து ஒரு நிரலாளர்