அக்காவுக்கு: இது அரைப்பேர் இல்லை

அன்புள்ள அக்கா,

நேற்று இரவு போனில் "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "இன்னைக்கும் அரைப்பேர்தான்டி" என்று சொல்லிவிட்டு மகளிடம் போனைக் கொடுத்துவிட்டாய். அந்த ஒரு சொல் என்னை வெகுநேரம் தூங்கவிடவில்லை. இடுப்பு மூட்டு மாற்றி எட்டு வாரம்தான் ஆகிறது. படுக்கிற காம்பராவிலிருந்து முன்வாசல் இஸ்தோப்பு வரை வோக்கரைப் பிடித்துக்கொண்டு நீயாகவே வருகிறாய். அதைப் போய் அரைப்பேர் என்கிறாயே.

அந்தச் சொல் உன் வாயில் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நாற்பது வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கூடை சுமந்தவள் நீ. 18 கிலோ கொழுந்து எடுத்தால் ஒரு பேர், அதாவது முழு நாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். ஈரத்துக்கு ஒரு கழிவு, சாக்குக்கு ஒரு கழிவு என்று தராசில் குறைத்த பிறகும் 18 நிற்க வேண்டும். அரைப்பேர் விழுந்த அன்று வீட்டில் யாரோடும் பேசமாட்டாய். ரொட்டியைத் தட்டிப் போட்டுவிட்டு அடுப்புப் பக்கமே திரும்பி உட்கார்ந்திருப்பாய். அப்படிச் சேர்த்த பேரில்தான் நான் படித்து டீச்சரானேன். அதனால்தான் சொல்கிறேன், அக்கா. இந்தக் காலை அந்தியில் தராசில் போட்டு நிறுக்க முடியாது. நிறுக்கவும் கூடாது.

உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று யாரும் உனக்குச் சரியாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். தேய்ந்துபோன தொடை எலும்பின் தலையை வெட்டி எடுத்துவிட்டு, எலும்புக்கு உள்ளே ஓர் உலோகத் தண்டை இறக்கியிருக்கிறார்கள். அதன் நுனியில் ஒரு பந்து. அந்தப் பந்து உருள்வதற்கு இடுப்பெலும்பில் ஒரு கிண்ணம். சிலருக்கு இதை எலும்புச் சீமெந்து வைத்துப் பொருத்துவார்கள். உனக்குச் சீமெந்து வைக்கவில்லை என்று மகள் சொன்னாள். அப்படியென்றால் உன் எலும்பே வளர்ந்து அந்த உலோகத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு 6 வாரத்திலிருந்து 12 வாரம் வரை ஆகும். நீ சும்மா கிடக்கிறேன் என்று நினைக்கும் நேரத்திலும் அந்த வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

தசையின் கதை வேறு. ஆபரேஷனுக்கு முன்னாலேயே நாலைந்து வருஷம் நீ நொண்டி நொண்டி நடந்தாய். வலிக்கிற பக்கம் பாரம் போடாமல் விட்டு விட்டு, பிட்டத்துத் தசை மெலிந்துபோய்விட்டது. புது மூட்டு ஒரே நாளில் வந்துவிட்டது, தசை அப்படி வராது. நடக்கும்போது உடம்பு ஒரு பக்கம் சாய்வது பெரும்பாலும் அதனால்தான். சாயங்காலமானால் கால் வீங்குவது மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம் கூட இருக்கும். ஆபரேஷன் செய்த கால் நீளமாகிவிட்ட மாதிரி இருக்கிறது என்று அழுதாயே, எனக்கு இதே ஆபரேஷன் செய்தபோதும் அப்படித்தான் இருந்தது. நான்காம் மாதத்தில் எப்போது போனது என்றே தெரியாமல் போய்விட்டது. முழுசாகத் தேற ஒரு வருஷம் ஆகலாம். பக்கத்து லயத்துக்காரி மூன்று மாதத்தில் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போய்விட்டாள் என்று யார் வந்து சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே.

எனக்கு ஆபரேஷன் 2022இலேயே நடந்திருக்க வேண்டியது. நாட்டில் மருந்துக்கே தட்டுப்பாடு வந்த வருஷம். தள்ளித் தள்ளி 2023 பெப்ரவரியில்தான் செய்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். முழுக்கச் சிங்களம். வரும் வழியில் த்ரீவீல் ஓட்டிய தம்பிதான் நிறுத்தி நிறுத்தி வாசித்துச் சொன்னார். என் காலை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை என் மொழியில் சொல்ல அங்கே ஆள் இல்லையே என்ற வருத்தம் இன்னும் ஆறவில்லை. அந்தத் தாளில் படங்களும் இருந்தன. எல்லாப் படத்திலும் தரை சமமாக இருந்தது. ஹட்டனில் சமமான தரைக்கு நான் எங்கே போவேன்?

ரோட்டிலிருந்து என் வீட்டுக்கு 22 படி இறங்க வேண்டும், உனக்குத் தெரியும். பதினொன்றாம் வாரத்தில் ஒரு நாள், யாரையும் கூப்பிடாமல் கைத்தடியோடு ஏறிப் பார்த்தேன். இரவு பெய்த மழையில் படியோரம் பாசி. நான்காவது படியில் தடியின் நுனி ஒரு விரற்கடை வழுக்கியது. அவ்வளவுதான், உடம்பு உறைந்துவிட்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், மேலே பஸ் போகிற சத்தம் மட்டும் கேட்கிறது. கண்ணீர் தானாக வழிந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை, என்னிடம் ஐந்தாம் ஆண்டு படித்தவள், பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "என்ன டீச்சர்" என்று கேட்கவில்லை, கையைப் பிடித்து இழுக்கவும் இல்லை. எனக்கு ஒரு படி கீழே வந்து நின்றாள். விழுந்தால் தாங்குகிற தூரத்தில். பத்து நிமிஷம் அப்படியே நின்றோம். அப்புறம் மெல்ல இறங்கினேன். அந்த 22 படியையும் நிற்காமல் ஏறியது ஏழாம் மாதத்தில்.

இனி உன்னைக் கோபிக்க வேண்டிய விஷயம். இரண்டு தடவை இரவில் யாருக்கும் தெரியாமல் வெளிக் கக்கூசுக்குப் போனாயாம். மகள் அழுதுகொண்டே சொன்னாள். கொமட் நாற்காலியைக் காம்பராவுக்குள் வைக்க உனக்குக் கூச்சம், மருமகள் அதை எடுத்துக் கழுவுவது அதைவிடக் கூச்சம். எனக்கும் இருந்தது அக்கா. ஆனால் குந்தும்போது முழங்கால் இடுப்புக்கு மேலே போகிறது. பிடிமானம் வராத இந்த நேரத்தில் பந்து கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிடலாம். வந்தால் மறுபடியும் ஆஸ்பத்திரி, மறுபடியும் மயக்க மருந்து. குந்துவதை இனி அடியோடு விடு என்றே எனக்குச் சொன்னார்கள். அடுப்படிப் பலகையும் அப்படித்தான். தாழ்ந்த இடத்தில் உட்காராதே. கட்டில் காலுக்குச் செங்கல் வைத்து உயர்த்தச் சொல். கால் மேல் கால் போடாதே, பாதத்தை உள்பக்கம் திருப்பாதே, ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை வை. மருமகள் கழுவுவதை நினைத்துக் குறுகாதே. அவளுடைய இரண்டு பிள்ளைப்பேற்றுக்கும் வெந்நீர் வைத்துத் துணி அலசியது யார்?

கெண்டைக்கால் வலித்து, வீங்கி, சூடாக இருந்தால் சித்தாலேப போட்டுத் தேய்க்க விடாதே. உள்ளே இரத்தம் கட்டியிருந்தால் தேய்ப்பது ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, காய்ச்சலோடு காயத்தில் நீர் கசிந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதே. லயத்தில் யாரிடம் த்ரீவீல் இருக்கிறதோ அவர் நம்பரை மகள் போனில் போட்டு வைக்கட்டும்.

இந்த மூட்டு எத்தனை நாளைக்கு என்று கேட்டாய். 1962இல் இங்கிலாந்தில் ஜோன் சார்ன்லி என்ற வைத்தியர் செய்து காட்டிய முறை இது, அறுபது வருஷத்துக்கு மேல் பழகிய வேலை. நூறு பேருக்கு வைத்தால் ஏறக்குறைய தொண்ணூறு பேருக்கு 15 வருஷம் தாக்குப்பிடிக்கிறது. உனக்கு இப்போது 64. பேத்தியின் கல்யாணத்துக்கு நீ நடந்தே போவாய்.

கிளினிக்கில் வோக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறச் சொல்லியிருக்கிறார்களாம். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். அடியில் புது ரப்பர் போட்ட தடி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஆபரேஷன் செய்தது வலது கால் என்பதால் தடி இடது கையில். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியோடு ஆபரேஷன் செய்த கால் முதலில். இஸ்தோப்பிலிருந்து தண்ணி பிடிக்கிற பீலிக்குப் போகிற வழியில் முதல் படி மட்டும் இறங்கிப் பார்ப்போம். மழை பெய்தால் அதுவும் வேண்டாம், உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்போம். மழை இல்லையென்றால் நான் முன்னால் போய் ஒரு படி கீழே நிற்கிறேன்.

உன் தங்கச்சி