பேஸ் வாசிக்கும் மச்சானுக்கு, புது அம்ப் பற்றி

அன்பின் மச்சான்,

கிற்றாரின் சத்தத்தைப் பெருக்கும் அம்ப் (அம்பிளிஃபையர்) வந்துவிட்டது. ஈவிஎச் 5150 த்ரீ, 50 வாட் ஹெட், அதாவது ஸ்பீக்கர் இல்லாத தனிப்பெட்டி. வாங்கப்போகிறேன் என்று சொன்ன அன்றே நீ கேட்டது ஒரே கேள்வி: "இதுக்குள்ள என்ர பேஸ் கேட்குமா?" கொழும்பில் ஹெவியாக வாசிக்கும் எல்லா பேஸ்காரருக்கும் இந்தக் கவலை இருக்கிறது. அதனால்தான் பதிலை எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

கேட்கும் மச்சான். முந்தியைவிட வடிவாகக் கேட்கும்.

உள்ளே ஏழு 12ஏஎக்ஸ்7 டியூப்கள் (சிக்னலைப் பெருக்கும் கண்ணாடி வால்வுகள்), ஸ்பீக்கரைத் தள்ளும் பவர் பக்கத்தில் இரண்டு 6எல்6 டியூப்கள். ஒரு டியூப் சிக்னலைப் பெருக்கி அடுத்ததற்குக் கொடுக்கும். அது இன்னும் பெருக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் அலையின் உச்சி நறுக்குப்படும். நாங்கள் டிஸ்டோர்ஷன் என்று சொல்வது அந்த நறுக்கலைத்தான். தடித்த கம்பியின் அடிச்சத்தம் (தாழ்ந்த ஒலி) முழுவதும் அதற்குள் போனால் எல்லாம் சேறாகிவிடும். ஆகவே இந்த வகை அம்ப்களில் அடிச்சத்தத்தை முதலில் குறைத்து, நறுக்கிய பிறகு பவர் பகுதியில் திரும்ப ஏற்றுவார்கள். ரெசொனன்ஸ் குமிழ் இருப்பது அதற்குத்தான்.

ஈ கம்பியை உள்ளங்கையால் அமுக்கி வெட்டி வெட்டி வாசித்தேன். கை நின்ற இடத்தில் சத்தமும் நின்றது. வால் இல்லை, இரைச்சல் இல்லை. இந்த அம்பில் என்னைப் பிடித்த முதல் விஷயம் இதுதான். உனக்கு இடம் கிடைப்பதும் இதனால்தான். என் ஈ கம்பி சுமார் 82 ஹேர்ட்ஸ், உன்னுடையது 41. உன் கம்பியின் இரண்டாவது ஹார்மோனிக்கும் (அடிப்படை ஒலியோடு சேர்ந்து வரும் இரண்டு மடங்கு அதிர்வும்) அதே 82இல்தான் வந்து நிற்கிறது. நான் ரெசொனன்ஸைத் திறந்துவிட்டால் இரண்டு பேரும் அங்கேயே முட்டிக்கொள்வோம். குறைத்து வைத்தால் தனியாகக் கேட்கும்போது கிற்றார் கொஞ்சம் மெலிவுதான். நீ சேர்ந்ததும் அந்த மெலிவு தெரியாது.

கெயின், அதாவது சிக்னலை எவ்வளவு பெருக்கி நறுக்குவது என்ற குமிழ், விஷயத்தில் நான் உறுதியாக இருக்கிறேன். அம்பில் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று சானல்கள்; கரகரப்பு அதிகமான சிவப்பு சானலில் நாலுக்கு மேல் போகமாட்டேன். அதற்கு மேல் கூடுவது இரைச்சலும் அமுக்கமும்தான். மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே அளவுச் சத்தம் வரும், பிக் கம்பியில் படும் அந்தக் கூர்மை போய்விடும். எங்கள் ஊர் மேடைகளில் இரண்டு கிற்றார்காரரும் கெயினை முழுதாகத் திருகி வைத்துக்கொண்டு, பேஸ் கேட்கவில்லை என்று சவுண்ட்காரரைப் பார்ப்பதைக் கண்டிருக்கிறாய். அவர் பாவம், என்ன செய்வார்?

நான் அதிக நேரம் இருந்தது நீல சானலில். கிற்றாரின் வால்யூமைக் குறைத்தால் கரகரப்பு இறங்குகிறது, ஆனால் சத்தம் மங்கவில்லை. பச்சைக்கும் நீலத்துக்கும் ஒரே ஈக்யூ (அடி, நடு, உச்ச ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள்) என்பதால் முதலில் நீலத்தைச் சரிப்படுத்திவிட்டுத்தான் பச்சைக்குப் போகவேண்டும்.

இந்தப் பரம்பரை 1992இல் பீவி என்ற அம்ப் கொம்பனியும் கிற்றார் கலைஞர் எடி வான் ஹேலனும் (ஈவிஎச் என்பது அவர் பெயரின் சுருக்கம்) சேர்ந்து கொண்டுவந்த 5150இல் தொடங்குகிறது. பெயர் அவருடைய வீட்டு ஸ்டூடியோவின் பெயர். ராக் கிற்றார்காரருக்காகப் பிறந்ததை மெட்டல்காரர் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

ஏன் 100 வாட் எடுக்கவில்லை என்று கேட்டாய். இரண்டுக்கும் வித்தியாசம் 3 டெசிபல்தான். காதுக்கு அது இரண்டு மடங்கு இல்லை. வெள்ளவத்தை ஃபிளாட்டில் 50கூடக் கூடுதல், இரவில் வால்யூம் குமிழைத் தொடவே முடியாது. மேலே எழுதியதெல்லாம் தெஹிவளையில் பயிற்சி அறையில், சத்தமாக வைத்துக் கேட்டது. ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும் அளவுக்கு வைத்தால்தான் இந்த அம்ப் எப்படிப்பட்டது என்று தெரியும்.

அறைக்கு நீ முதலில் போனால் ஒரு விஷயம். ஸ்பீக்கர் கேபிள் கெபினெட்டில் (ஸ்பீக்கர் பெட்டியில்) ஏறியிருக்கிறதா, இரண்டிலும் ஓம்ஸ் (மின்தடை அளவு) பொருந்துகிறதா என்று பார்க்காமல் ஹெட்டைப் போடாதே. கெபினெட் இல்லாமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்போமர் போய்விடும். இதைப் பார்த்துவிட்டு வெளிநாட்டில் யாரிடமாவது பழையது வாங்க நினைப்பவர்களும் பின்பக்கத்தில் 230 வோல்ட் என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் விற்பது 120. கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் ஜாக்குகளை அடிக்கடி துடையுங்கள், உப்புக்காற்று செம்பையும் நிக்கலையும் விடாது.

ஞாயிறு வரும்போது புதுக் கம்பி போட்டுக்கொண்டு வா. உன் அம்பில் மிட்டை (நடு ஒலியை) கொஞ்சம் ஏற்றி வை. முதல் பாட்டை நீ தனியாகத் தொடங்கு, நான் உன்னைக் கேட்டுக்கொண்டே ரெசொனன்ஸைத் திருகுகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்