9ஏ பிள்ளையும் வாள்வெட்டுப் பெடியனும் மட்டும்தானா யாழ்ப்பாணத்தில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொக்குவிலில் ரியூட்டரிகள் நெருங்கிக் கிடக்கும் ஒழுங்கையொன்றில் போட்டோக் கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். காலையில் உங்கள் பத்திரிகை கடை மேசைக்கு வந்துவிடும். வருகிறவர்கள் எல்லாரும் புரட்டுவார்கள். வகுப்புத் தொடங்கும் வரை நேரம் போக்க வரும் 15, 16, 17 வயதுப் பிள்ளைகள்தான் கூட. தங்களைப் பற்றி அச்சில் வந்ததை அவர்கள் வாசிக்கும்போது நான் பக்கத்தில் நிற்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பத்திரிகையில் அந்த வயதுப் பிள்ளை இரண்டு இடத்தில்தான் தென்படுகிறது. சாதாரணதரப் பெறுபேறு வந்த கிழமையில் 9ஏ (ஒன்பது பாடத்திலும் ஏ) எடுத்தவரின் படமும், அதற்குக் கீழே ரியூட்டரியின் விளம்பரமும். மற்ற நாட்களில் வாள்வெட்டு, ஐஸ் போதைப்பொருள், மோட்டார் சைக்கிள் ஓட்டம், ரிக்ரொக் சேட்டை. என் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் இந்த இரண்டிலும் சேராதவர்கள். விடியத் தோட்டத்தில் தண்ணி மாறிவிட்டு வகுப்புக்கு ஓடிவருகிறவன், கணிதத்தில் தவறி இரண்டாம் முறை எழுதுகிறவள், படிப்பு சரிவராது என்று தெரிந்து மின்னிணைப்பு வேலை பழகப் போகிறவன். இவர்களுக்கு உங்கள் பத்திரிகையில் இடமே இல்லை. உங்களை மட்டும் சொல்லவில்லை. இணையத்தளங்களும் யூரியூப்காரர்களும் உங்களைவிடப் பத்து மடங்கு மோசம்.

கடந்த வருடம் எங்கள் பக்கத்துச் சந்தியில் நின்ற பெடியள் சிலரைப் பொலிஸார் ஏற்றிக்கொண்டு போனார்கள். வகுப்பு முடிந்து பிளேன்ரீ குடித்துவிட்டு நின்றவர்கள். மறுநாள் ஒரு பத்திரிகையில் வாள்வெட்டுக் குழு மாணவர்கள் சிக்கியதாகக் கொட்டை எழுத்தில் வந்தது. முகத்தை மட்டும் மங்கலாக்கியிருந்தார்கள். ஆனால் எந்த ஊர், எந்த வகுப்பு, ஒருவனின் தகப்பன் என்ன தொழில் என்பதெல்லாம் செய்தியில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் இவ்வளவும் போதும், பின்னேரத்துக்குள் வீட்டு இலக்கம் வரை தெரிந்துவிடும். அந்தப் பிள்ளைகளைப் பிடித்த அன்றிரவே விட்டுவிட்டார்கள். வாளும் இல்லை, வழக்கும் இல்லை. அது எங்கும் வரவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அதில் ஒருவனின் தாய் கடைக்கு வந்தார். பிறப்புச் சான்றிதழும் பாடசாலை விடுகைப் பத்திரமும் பிரதி எடுக்க வேண்டும் என்றார். “வவுனியாவில அண்ணை வீட்டை விட்டுப் படிப்பிக்கப் போறன் தங்கச்சி. இஞ்ச சனம் அவனைப் பார்க்கிற பார்வை சரியில்லை.” கடையில் மெசினுக்குள் கடதாசி இறுகிக்கொண்டால் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மூடியைத் திறந்து, கிழியாமல் இழுத்தெடுத்துத் தருகிறவன் அவன். “அன்ரி, உருளையைத் தொடாதேங்கோ, சுடும்” என்று ஒவ்வொரு முறையும் சொல்வான். மெசினோ என்னுடையது!

சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி 18 வயதுக்குட்பட்டவர்கள் சிறுவர்கள். குற்றம் சாட்டப்பட்ட சிறுவரின் அந்தரங்கம் விசாரணையின் எல்லாக் கட்டத்திலும் காக்கப்பட வேண்டும் என்று 40ஆம் உறுப்புரை சொல்கிறது. முகத்தை மறைத்துவிட்டு முகவரியைப் போடுவது எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியவில்லை.

சரி, வாள்வெட்டும் போதைப்பொருளும் பொய்யா என்று கேட்பீர்கள். இல்லை, எனக்கும் பயம் இருக்கிறது, இரவு ஏழரைக்கே கடையைப் பூட்டுகிறேன். ஆனால் கடலால் வருகிற கேரளக் கஞ்சாவுக்குப் பணம் போடுகிறவன் பதினாறு வயதுக்காரன் இல்லை. விற்கக் கொடுத்துவிடுகிறவனும் பெரிய ஆள்தான். அவர்கள் பிடிபட்டால் ‘சந்தேகநபர்’ என்று அடக்கமாக ஒரு மூலையில் வருகிறது. பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று அகப்பட்டால் மட்டும் இளந்தலைமுறை முழுக்கச் சீரழிந்துவிட்டதாக ஆசிரியத் தலையங்கமே எழுதுகிறார்கள். அதை வாசித்தபிறகு மூன்று மோட்டார் சைக்கிள் சேர்ந்து போனாலே சனத்துக்கு ‘ஆவா’ வாள்வெட்டுக் குழுதான்.

பெட்டைப் பிள்ளைகளின் கதை வேறு. கையில் போன் இருந்தால் காதல், வகுப்பு முடிந்து பத்து நிமிடம் பிந்தினால் அதுவும் காதல். இந்தியத் தொலைக்காட்சித் தொடர்கள் இருபத்து நான்கு மணித்தியாலமும் அதைத்தான் படிப்பிக்கின்றன. தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியின் அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை படைத்தபோது எல்லாரும் கைதட்டினோம். ஆனால் அதே விளையாட்டைப் பழகப் பக்கத்து வீட்டுப் பிள்ளை பின்னேரம் மைதானத்துக்குப் போனால், வீட்டுப் படலையில் நின்று நேரம் பார்க்கிறவர்களும் நாங்கள்தான். கிரிக்கெட் ஆடுகிற வியாஸ்காந்தின் கதையும் அப்படித்தான். யாழ் மத்திய கல்லூரியில் படித்த அந்தப் பெடியன் 2020 இல் பதின்ம வயதிலேயே லங்கா பிரீமியர் லீக்கில் ஆடினான். அன்றைக்கு ஊர் முழுக்க ‘எங்கட பெடியன்’ என்றது. ஒழுங்கையில் பந்தடிக்கிறவன் மட்டும் இன்னும் காவாலிதான்.

பென்சன் எடுத்த ஐயா ஒருவர் தினமும் கடைக்கு வந்து இந்தச் செய்திகளைச் சத்தமாக வாசித்து, “எங்கட காலத்தில இப்பிடியே பிள்ளை?” என்பார். அவர் காலம் எழுபதுகள். பெல்பொட்டம், காதை மூடின தலைமயிர், மனோகராத் தியேட்டரில் முதற்காட்சிக்கு மதிலேறிக் குதித்த கதையெல்லாம் அவரே எனக்குச் சொன்னவைதான். அப்போதும் பெரியவர்கள் ‘பிள்ளைகள் கெட்டுப்போச்சு’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். பிறகு எண்பதுகள் வந்தன. இளைஞன் என்றாலே வீதியில் மறித்துச் சந்தேகத்தோடு பார்த்த காலம். வயதைப் பார்த்தே குற்றவாளியாக்குவது எப்படி வலிக்கும் என்று அறிந்த ஊர் இது.

இந்தப் பிள்ளைகளுக்குக் கஷ்டம் தெரியாது என்பதும் ஐயாவின் வாய்ப்பாடு. யுத்தம் முடிந்தபோது இவர்கள் கைக்குழந்தைகள், சிலர் பிறக்கவேயில்லை, உண்மைதான். ஆனால் 2020 இல் பள்ளிக்கூடம் மூடினபோது அம்மாவின் ஒரு போனை மூன்று சகோதரர்கள் மாறி மாறிப் பிடித்துப் படித்தார்கள். 2022 இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள். மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. நான் பிரதிக்கு விலையைக் கூட்டத்தான் வேண்டியிருந்தது. ஒருவன் ஒரு பிரதி எடுப்பான், மற்றவர்கள் என் கடை வாங்கில் இருந்து அதைப் பார்த்துக் கையால் எழுதுவார்கள். கரண்ட் இல்லாத பின்னேரங்களில் யன்னல் பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு எழுதினார்கள்.

2024 நவம்பர் 25 இல் உயர்தரப் பரீட்சை தொடங்கியது. மழை கொட்டி, இடையில் நிறுத்தி, டிசம்பர் 4 இல்தான் மறுபடி ஆரம்பித்தார்கள். அந்த இடைவெளியில் எங்கள் ஒழுங்கைப் பெடியள், பரீட்சை எழுதுகிறவர்களும் சேர்ந்துதான், வாய்க்கால் அடைப்பை மண்வெட்டியால் வெட்டிவிட்டு, வயதான ஒரு அம்மாவைக் கதிரையோடு தூக்கிக்கொண்டுபோய் இடைத்தங்கல் முகாமில் விட்டார்கள். மறுநாள் பேப்பரில் உலருணவுப் பொதி கொடுக்கிற அரசியல்வாதிகளின் படம் வந்திருந்தது. பொதியின் ஒரு நுனியை நாலு பேர் பிடித்திருந்தார்கள்.

பாராட்டுச் செய்தி போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நல்ல பிள்ளைகள் வரிசையாக நின்று படம் எடுப்பதும் அலுத்துவிட்டது. பிடித்ததை எந்தப் பக்கத்தில் எந்த அளவில் போட்டீர்களோ, விட்டதையும் அதே பக்கத்தில் அதே அளவில் போடுங்கள். 18 வயதுக்குட்பட்டவரின் ஊர், வகுப்பு, பெற்றோரின் தொழில் எதுவும் வேண்டாம். அப்புறம் உங்கள் மாணவர் பக்கம். அதில் மாதிரி வினாத்தாளைத் தவிர வேறொன்றும் இல்லை (அதைப் பிரதி எடுத்து விற்கிற நானே இதைச் சொல்கிறேன்). அதில் பாதியை அவர்களுக்கு விடுங்கள். கடைசி பஸ் நிறுத்தாமல் போவதைப் பற்றியும், பின்னேரம் பூட்டிக் கிடக்கும் மைதானத்தைப் பற்றியும், உங்கள் தலைப்புகளைப் பற்றியும் எழுத இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். கேட்டுப் பார்த்தேன், இரண்டு பேர் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்கள். சம்மதமென்றால் பத்திரிகையில் ஒரு வரி போடுங்கள். தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்புவது என் பொறுப்பு, அதற்குக் காசு வாங்கமாட்டேன்.

இப்படிக்கு,
போட்டோக் கொப்பிக் கடை வாசகி,
கொக்குவில்.