ஊட்டி பிளாட்பாரத்தில் ஒரு ராகி

குன்னூர்
மார்கழி 8

அன்புள்ள கண்ணு,

நானும் அம்மாவும் நலம். மழை விட்டு ஒரு வாரமாகிறது. தலைகுந்தா பக்கம் உறைபனி விழ ஆரம்பித்துவிட்டதாம். இங்கேயும் சாயங்காலமானால் கை விறைக்கிறது, ஆனால் வானம் துடைத்துவைத்த மாதிரி இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில் கதிர் கேட்டானே, "தாத்தா, ஆண்ட்ரோமெடா நட்சத்திர மண்டலம் எவ்வளவு தூரம்?" என்று. "25 லட்சம் ஒளியாண்டு, அதாவது ஒளி 25 லட்சம் வருஷம் போகும் தூரம்" என்றேன். "ஓ" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டான். நீயும், "அதெல்லாம் வெறும் நம்பர்ப்பா, மனசுல நிக்காது" என்றாய். அது எனக்குப் பொறுக்கவில்லை. மூன்று நாளாக அதே நினைப்புதான். நம்பர் மனதில் நிற்காது, சரி. நம் காலுக்குப் பழகிய தூரம் நிற்குமே.

எனக்குப் பழகிய தூரம் எது என்று உனக்குத் தெரியும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். 31 வருஷம் மலை ரயில் பெட்டியின் முன்பக்கத்தில் கொடியோடு நின்று, டிரைவரின் விசிலுக்கு பிரேக் சக்கரத்தைச் சுற்றிய பாதை. போக வர என்று கூட்டிப்பார்த்தேன், என் சர்வீஸ் மொத்தமும் சுமார் 5 லட்சத்து 70 ஆயிரம் கிலோமீட்டர் வருகிறது. ஒளி விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது. என் ஆயுசு உழைப்பு அதற்கு இரண்டு விநாடிகூட இல்லை. அதை எழுதிப் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இல்லை கண்ணு, சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த வேகத்தை அளக்க என் கையில் ஒரு கோல் கிடைத்துவிட்டது.

அப்புறம் அம்மாவின் டப்பாவிலிருந்து ஒரு முழு ராகியை எடுத்தேன். ஸ்கேலில் வைத்தால் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அதுதான் சூரியன் என்று வைத்துக்கொள். சமையலறைத் தரையில் அதை வைத்து 17 சென்டிமீட்டர் தள்ளிச் சாக்பீஸால் ஒரு புள்ளி போட்டேன். அந்த இடத்தில் பூமி. புள்ளியே தப்பு, ராகியில் நூற்றில் ஒரு பங்கு என்றால் கண்ணுக்கே தெரியாத தூசி. நீ இருக்கும் கனடாவின் கால்கரியும் இந்தக் குன்னூரும் 13,000 கிலோமீட்டர் இடைவெளியோடு அந்த ஒரே தூசிக்குள் இருக்கின்றன.

இந்தக் கணக்கில் ஒளி நிமிஷத்துக்கு 2 சென்டிமீட்டர்தான் நகரும். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ராகியிலிருந்து புள்ளி வரை விரலை அந்த வேகத்தில் நகர்த்தினேன். எட்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. அதற்குள் ஓர் எறும்பு எங்கிருந்தோ வந்து புள்ளியைத் தாண்டிச் சுவர் வரை போய்விட்டது. கதிரைக் கட்டாயம் இதைச் செய்யச் சொல். உலகத்திலேயே வேகமானது எதுவோ அது எறும்பிடம் தோற்கிறது என்றால், வெளி எவ்வளவு பெரிசு என்பது விரலுக்கே உறைக்கும்.

இப்போது அந்த ராகியை ஊட்டி பிளாட்பாரத்தில் வை. சூரியனுக்கு அடுத்த நட்சத்திரம் பிராக்ஸிமா சென்டாரி, 4.24 ஒளியாண்டு. ராகிக் கணக்கில் அது எங்கே வரும் தெரியுமா? 46 கிலோமீட்டர்! மேட்டுப்பாளையம் ஸ்டேஷன். கூட்டிப் பெருக்கி அந்த எண் வந்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. மூன்று முறை சரிபார்த்தேன். ராகியைவிடச் சின்னதாக ஒரு பொடி அங்கே. லவ்டேல், கேத்தி, குன்னூர், ஹில்குரோவ், கல்லாறு என்று நடுவில் எத்தனை வளைவு, எத்தனை பாலம், எத்தனை குகை. அத்தனை தூரத்திலும் வேறு நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. ஊட்டியில் கிளம்பிய ஒளி லவ்டேல் சேரவே நான்கு மாதத்துக்கு மேல் ஆகும். 1977-ல் அனுப்பிய வாயேஜர் 1 விண்கலம், மனிதன் செய்ததில் மிக அதிக தூரம் போன பொருள், இன்னும் ராகியிலிருந்து 30 மீட்டரில்தான் இருக்கிறது. ஊட்டி பிளாட்பாரத்தையே தாண்டவில்லை.

ஆண்ட்ரோமெடாவுக்கு இந்த ராகி உதவாது. நம் பால்வெளி மண்டலத்தில் குறைந்தது 10,000 கோடி நட்சத்திரம், அகலம் சுமார் 1 லட்சம் ஒளியாண்டு. ராகியை விட்டுவிட்டு அந்த மண்டலம் முழுவதையும் ஒரு சாப்பாட்டுத் தட்டாக நினை. ஆண்ட்ரோமெடா இன்னொரு பெரிய தட்டு, 25 தட்டு தள்ளி. நம் வீட்டில் அடுப்படியிலிருந்து வாசல் திண்ணை வரை, அவ்வளவுதான். இதைத்தான் நான் இத்தனை வருஷமும் தப்பாக நினைத்திருந்தேன். நட்சத்திரங்கள் ஒன்றுக்கொன்று ஆளரவமில்லாத தூரத்தில் இருக்கின்றன. மண்டலங்களோ தங்கள் அளவுக்குப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஆண்ட்ரோமெடா நம்மை நோக்கி விநாடிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருக்கிறது. ஒருநாள் இரண்டு தட்டும் ஒன்றையொன்று ஊடுருவினாலும் ராகியும் ராகியும் இடித்துக்கொள்வது அபூர்வம். ஏன் என்று மேட்டுப்பாளையம் வரை போய் வந்தவனுக்குச் சொல்லவேண்டியதில்லை.

25 லட்சம் வருஷம் என்பதையும் ரயிலில் ஏற்றிப் பார்த்தேன். ஆண்ட்ரோமெடாவை விட்ட ஒளி மேட்டுப்பாளையத்தில் கிளம்புகிறது, இன்று ஊட்டியில் நம் கண்ணுக்குள் வந்து நிற்கிறது என்று வை. சென்னைக்குப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் யாரோ கற்கோடரி செதுக்கியது ஏறக்குறைய 15 லட்சம் வருஷத்துக்கு முன்னால். அப்போது வண்டி ஹில்குரோவில், தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறது. நம்மைப் போன்ற மனிதர் தோன்றியது சுமார் 3 லட்சம் வருஷம் முன்பு. வண்டி அப்போது கேத்தியைத் தாண்டிவிட்டது. கீழடிக்காரர்கள் பானையில் பெயர் கீறும்போது ஊட்டிக்கு இன்னும் 50 மீட்டர் பாக்கி, அவ்வளவுதான்.

ஊட்டி பக்கம் முத்தோரை ரேடியோ தொலைநோக்கி ஞாபகம் இருக்கிறதா? நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ரோட்டில் நின்று காட்டினேன். 1970-ல் வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் கட்டியது, 530 மீட்டர் நீளம். அந்த மலைச்சரிவு சுமார் 11 டிகிரி, ஊட்டியின் அட்சரேகையும் அதேதான். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், வானத்துப் பொருளை மணிக்கணக்காகப் பின்தொடரலாம். பன்னிரண்டுக்கு ஒன்று ஏற்றத்தில் பிரேக் பிடித்தவன் நான், சரிவைத் தேடிப் பிடித்தவர்களின் அருமை எனக்குப் புரியும். கோடிக்கணக்கான ஒளியாண்டு தாண்டி வரும் ரேடியோ அலைகளை அங்கே பிடிக்கிறார்கள். அவையும் ஒளியின் வேகத்தில்தான் வருகின்றன.

நேற்று ஏழு மணிக்கு மாடியில், தெருவிளக்கு மறைகிற மூலையில் நின்றேன். பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்த பெரிய சதுரம், அதன் வடகிழக்கு மூலையிலிருந்து இரண்டு நட்சத்திரம் தள்ளி, அங்கிருந்து காசியோப்பியா நட்சத்திரக் கூட்டத்தின் பக்கமாக இரண்டு சின்ன நட்சத்திரம் ஏறினால் ஆண்ட்ரோமெடா. நேராகப் பார்த்தால் காணாமல் போகிறது. கண்ணைக் கொஞ்சம் ஒதுக்கினால் பஞ்சுத்துணுக்கு மாதிரி மெல்லத் தெரிகிறது. அங்கே உங்களுக்கு அதே ஏழு மணிக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலேயே நிற்கும். கதிருக்குக் குல்லாய் போட்டு, ஊர் வெளிச்சத்தைத் தாண்டிக் கூட்டிப்போ.

பார்சலில் ராகி மாவோடு முழு ராகி ஒரு சின்னப் பொட்டலம் தனியாக வைத்திருக்கிறேன். அதை அரைத்துவிடாதே, அது கதிருக்கு. போன தடவை அனுப்பிய நெய் கசியாமல் வந்ததா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா