படியேறினால் கிட்னிக்கு என்ன ஆகும்?

பள்ளத்தூர்

அன்புள்ள நாச்சியப்பா,

கடிதம் கிடைத்தது. பேத்தியின் மொட்டைத் தலைப் படத்தை வளவு முழுக்கக் காட்டியாயிற்று.

மச்சுப்படி ஏறினாலே பிரஷர் எகிறுகிறதே, அது நேராகக் கிட்னியில் போய் மோதாதா என்று கேட்டிருந்தாய். மோத விடாது. நிமிடத்துக்குச் சுமார் ஒரு லிட்டர் ரத்தம் உள்ளே போகிறது. அதிலிருந்து வடிவது சுமார் 125 மில்லி, நாளைக்கு 180 லிட்டர்! நாம் வெளியே விடுவதோ ஒன்றரை லிட்டர்தான். மிச்சமெல்லாம் திரும்ப உறிஞ்சப்பட்டுவிடும். சராசரி ரத்த அழுத்தம் 80க்கும் 180க்கும் நடுவில் எங்கே நின்றாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. வருஷக்கணக்கில் ஏறியே கிடந்தால் அது வேறு கதை, மாத்திரையை விட்டுவிடாதே.

ஒரு கிட்னியில் சுமார் பத்து லட்சம் வடிகட்டி முடிச்சுகள். ஒவ்வொன்றுக்கும் ரத்தம் வர ஓர் உள்வாய், போக ஒரு வெளிவாய். அழுத்தம் கூடி உள்வாய்க் குழாய் விரிந்தால், அதன் தசை சில விநாடிகளில் தானே சுருங்கிக்கொள்ளும். எனக்குப் பிடித்தது அடுத்த ஏற்பாடு. வடிந்த நீர் ஓடும் நுண்குழாய் எங்கெங்கோ சுற்றிவிட்டு, தான் கிளம்பிய முடிச்சின் வாசலையே உரசிக்கொண்டு போகிறது. அங்கே சில செல்கள் உப்பை ருசி பார்க்கின்றன. உப்பு கூடினால் வேகமாக வடிகிறது என்று அர்த்தம், உள்வாய் இறுகும். குறைந்தால் தளரும். ரெனின் என்கிற நொதியும் சுரக்கும், அதனால் உண்டாகும் ஆஞ்சியோடென்சின் என்கிற ஹார்மோன் வெளிவாயைச் சுருக்கி, முடிச்சுக்குள் அழுத்தம் விழாமல் பிடித்துக்கொள்ளும். கடைமடை வயலைப் பார்த்துவிட்டு வந்து மடையைச் சாத்துவாரே நம் கண்மாய் நீர்பாய்ச்சி, அவர் வேலைதான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? பட்டுத் தெரிந்துகொண்டேன். பங்குனியில் ஒரு கல்யாணம். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, அதோடு முழங்கால் வலி. வழக்கமான பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை இரண்டோடும், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையையும் மூன்று நாள் போட்டேன். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது உள்வாயைத் திறந்து வைப்பது, புரோஸ்டாகிளாண்டின் என்று உடம்பே சுரக்கும் ஒரு பொருள். வலி மாத்திரை அதை அடக்கிவிடும். என்னுடைய பிரஷர் மாத்திரையோ வெளிவாயைத் தளர்த்தும் ரகம். வரத்தும் குறைந்து, போக்கும் திறந்துகொண்டால் உள்ளே அழுத்தம் எங்கே நிற்கும்? கிட்னி வடித்து வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின், ரத்தத்தில் 0.9 இருந்தது 2.1 ஆகிவிட்டது. டாக்டர் படம் போட்டு விளக்கிக்கொண்டே திட்டினார். வலி மாத்திரையை நிறுத்தி, குளுக்கோஸ் ஏற்றி, பத்து நாளில் 1.0க்கு இறங்கியது. அப்புறம்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

முழங்காலுக்கு இப்போது உப்பு ஒத்தடம்தான். நீயும் இடுப்பு வலி என்று எழுதியிருக்கிறாய். ஆடிக்கு வரும்போது மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டு வா.

அன்புடன்,
மாணிக்கம்